ஜெபக்கனி பேரில் ஒரு சிலந்தி

பயப்படாதீர்கள் அக்கா, இது செத்தது. போன மாசியிலேயே செத்துவிட்டது. ஸ்பிரிட்டில் கிடப்பதால் உயிரோடு இருக்கிற மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். பஸ் குலுங்குகிறது, அதனால் கால் ஆடுகிறது. நீங்கள் தள்ளி உட்கார வேண்டாம்.

வாடை அடிக்கிறதா? மூடி கொஞ்சம் இளகிவிட்டது. கண்டக்டர் அண்ணன் டிக்கெட் கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி மோந்து பார்த்துவிட்டுப் போனாரே, கவனித்தீர்களா? காலங்காத்தாலேயே ஊற்றிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். இதைவிட மோசமாக என்னைப் பற்றி நினைக்கிறவர்கள் எங்கள் டிபார்ட்மெண்டிலேயே இருக்கிறார்கள்.

நீங்கள் உடன்குடியா? நான் சாத்தான்குளத்தில் இறங்கிவிடுவேன். அங்கிருந்து இன்னொரு பஸ். தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஊர். ஜெபக்கனி என்று ஒருத்தி வீட்டுக்குப் போகிறேன். சிநேகிதியா என்று கேட்டால் என்ன சொல்ல? இருந்தாள். இந்த பாட்டிலில் கிடக்கிறதே, இதற்கு நான் வைத்த பேரே அவள் பேர்தான். அந்தப் பேரை அவளே அழித்துவிட்டாள். கேட்டிருக்கிறீர்களா இப்படி ஒரு கதையை? ஒருத்தி பேரை நாம் உலகத்துக்கே சொல்லப் போகிறோம், அவள் குறுக்கே விழுந்து வேண்டாம் என்கிறாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள். நான் யாரிடமும் ஒருதலையாகப் பேசுகிறவள் இல்லை.

இது பூச்சி இல்லை அக்கா, சிலந்தி. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. வீட்டுச் சுவரில் தட்டையாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஓடுமே, வலை பின்னாது, கரப்பானை விரட்டிப் பிடிக்கும், அந்தச் சாதி. வேட்டைச் சிலந்தி. அதில் சிலது மணலில் மட்டுமே வாழும். ராஜஸ்தான் பக்கம் பாலைவனத்தில் உண்டு. நம் ஊரில் பாலைவனத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? அதுதான் தேரி இருக்கிறதே. ஆனி ஆடிக் காற்றில் சிவப்பு மணல் மேடே இடம் மாறிவிடும். அந்த மணலில் குழி தோண்டி, உள்ளே நூலால் மெழுகி, வாசலில் மணலை ஒட்டி ஒரு மூடி செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மூடியை நம் கண் கண்டுபிடிக்கவே முடியாது. விடிந்து காற்று எழும்புவதற்கு முன்னால் போனால்தான் மூடியின் ஓரம் லேசாக நிழல் கட்டும். ஒரு பருவம் முழுக்க, நானும் ஜெபக்கனியும் உடைமர முள்ளில் கிழிபட்டுத் தேடினோம். கிடைத்தது இரண்டே இரண்டு.

ஜெபக்கனியும் நானும் ஒரே கைடிடம் ஆராய்ச்சி பண்ணுகிறோம். ஊர் அவள் ஊர் என்பதால் அவள் வீட்டிலேயே தங்கினேன். அவள் அம்மா டெய்சி அத்தை தினமும் தோசை சுட்டுப் போட்டாள். அத்தைக்கு எங்கள் வேலை ஒரு பெரிய வேடிக்கை. "வீட்ல ஓடுத எட்டுக்கால் பூச்சிய அடின்னா அடிக்க மாட்டா. காட்ல கெடக்கதையும் கூட்டியாந்து குடும்பம் நடத்துதா" என்பாள். நல்ல மனுஷி. அவளைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதல் சிலந்தியை நான்தான் எடுத்தேன். எடுத்த கையோடு ஸ்பிரிட்டில் போட்டேன். இதோ, இதுதான். இரண்டாவதைத் தோண்டும்போது கொத்தனார் கரண்டி லேசாகப் பட்டு அதன் இடது பக்கத்துக் கால் ஒன்று துண்டாகிவிட்டது. நான்தான் தோண்டினேன், ஆமாம். மணல் சரிந்தது, அதற்கு நான் என்ன செய்ய? அதையும் பாட்டிலில் போடப் போனேன். ஜெபக்கனி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணைத்தான் கொன்னாச்சே. இது உசுரோட கெடக்கட்டும்ட்டி."

"கால் போனது பிழைக்குமா?"

"பாப்போம்."

இதுதான் அவள். எதற்கெடுத்தாலும் "பாப்போம்". நான் ஒரு கட்சி எடுத்துப் பேசினால் எதிர்த்துப் பேச மாட்டாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், இருந்தாலும் பாப்போம்" என்பாள். இப்படிப்பட்டவளோடு எப்படி அக்கா வாதாடுவது? சுவரில் பந்து அடிக்கலாம், தலையணையில் அடிக்க முடியுமா?

அவள் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தேரி மணல் போட்டு வளர்த்தாள். நான் இதை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அக்கா, நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சிலந்தியை நிறம் பார்த்தோ அளவு பார்த்தோ இன்ன இனம் என்று சொல்ல முடியாது. பெண் சிலந்தியின் வயிற்றுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இனத்துக்கு இனம் பூட்டு வேறு. இதன் பூட்டைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்தப் படத்திலும் இல்லாத பூட்டு. வளைவே இல்லை, மடிப்பே இல்லை, வெறும் இரண்டு கோடு. அவ்வளவு எளிமை! ராஜஸ்தானில் ஒரு பெண் சிலந்தியை வைத்துப் பேர் வைத்த இனம் ஒன்று உண்டு. அதன் பூட்டு நெளிவு நெளிவாக இருக்கும். கண், கால் முள், எல்லாம் அதே மாதிரிதான் இதற்கும். பூட்டு மட்டும் வேறு. அப்படியானால் இது புது இனம்தானே?

ஜெபக்கனி மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "எனக்கென்னமோ இது இன்னும் பெருசாகலைன்னு தோணுதுட்டி. இன்னும் ஒரு தோல் உரிக்க வேண்டியிருக்கும்."

அதாவது, சிலந்தி வளர வளரத் தோல் உரிக்கும். கடைசித் தோலை உரித்த பிறகுதான் பூட்டு முழு வடிவத்துக்கு வரும். அதற்கு முன்னால் பார்த்தால் பாதி எழுதிய எழுத்து மாதிரி இருக்கும். நான் பாதி எழுத்தைப் பார்த்துவிட்டுப் புது மொழி என்று சொல்கிறேனாம். அவள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அர்த்தம் அதுதானே?

"பெருசாகலைங்கதுக்கு என்ன ஆதாரம்?" என்றேன்.

"ஆதாரம் இல்ல. டப்பால கெடக்குல்ல, அது உரிக்குதான்னு பாப்போம்."

"ஆதாரம் இல்லாம பேசாத."

வாயை மூடிக்கொண்டாள். அந்த விவாதத்தில் நான்தான் ஜெயித்தேன். சாட்சி உண்டு, லேபில் எல்லோரும் இருந்தார்கள்.

காத்திருந்திருக்கலாமே என்கிறீர்களா? எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். அந்த மாதம்தான் வெளிமாநிலத்திலிருந்து ஒரு குழு தேரிக்கு ஜீப்பில் வந்து போனது. எங்கள் உலகத்தில் யார் முதலில் அச்சில் ஏற்றுகிறார்களோ அவர்கள் வைத்த பேர்தான் காலத்துக்கும் நிற்கும். நாம் முள்ளில் கிழிபட்டுத் தோண்டுவோம், அவர்கள் வந்து பேர் வைத்துவிட்டுப் போவார்களா? அவர்கள் வந்தது தவளைக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அது வேறு விஷயம்.

பேப்பரை எழுதினேன். எழுதியது முழுக்க நான், ஆனால் அவள் பேரையும் சேர்த்தேன். அதோடு விட்டேனா? இனத்துக்கே அவள் பேரை வைத்தேன். பெண்ணின் பேர் வைத்தால் லத்தீனில் பின்னால் ஒரு வால் சேர்ப்பார்கள். ஜெபக்கனியே என்று படிக்க வேண்டும். எவ்வளவு அழகாக இருக்கிறது, சொல்லிப் பாருங்கள். எங்கள் கைடு மாசிலாமணி சார் என் மேஜைப் பக்கம் வந்து வந்து, "பேரு வைக்கதுன்னா டிபார்ட்மெண்டுக்கு உழைச்சவங்க யாருக்காச்சும் மரியாத பண்ணலாம்மா" என்று தொண்டையைக் கனைத்தார். எனக்கா புரியாது? அவரையே ஒதுக்கிவிட்டு இவளுக்கு வைத்தேன் அக்கா. ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் டப்பாவுக்குள் ஒரு கரப்பான் குஞ்சைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒம் பேர வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"இனத்துக்கு! காலத்துக்கும் நிக்கும்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "எம் பேரா? வேண்டாம்ட்டி. மொதல்ல அது என்னன்னு தெரியட்டும். இது வேற ஒரு வாரமா சாப்பிட மாட்டேங்கு. தோல் உரிக்கதுக்கு முன்னால இப்படித்தான் பட்டினி கெடக்கும்."

நன்றி என்று ஒரு வார்த்தை? கிடையாது. சிலந்தி சாப்பிடவில்லையாம். "உனக்குப் பொறாமைட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அன்றைக்கு ராத்திரியே பேப்பரை அனுப்பிவிட்டேன். அனுப்பட்டுமா என்று அவளிடம் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் "பாப்போம்" என்பாள்.

ஆனியில் பேப்பரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தது. வீட்டில் அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஆடியில் டிபார்ட்மெண்டில் செமினார். புனேயிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார், சிலந்தி உலகத்தில் அவர் சொன்னால் மறு பேச்சு கிடையாது. நான்தான் பேசினேன். பேசினேன் என்றால், அப்படிப் பேசினேன். முடித்ததும் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது முழுசாக வளர்ந்ததுதான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?" நான் அடுக்கினேன். உடம்பு அளவு, கால் முள், தகட்டின் கடினம், அடுக்கிக்கொண்டே போனேன். மேடம் தலையை ஆட்டினார். இன்னும் ஒரு நிமிஷம் அக்கா, ஒரே ஒரு நிமிஷம் விட்டிருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

பின் வரிசையிலிருந்து ஜெபக்கனி எழுந்து வருகிறாள். கையில் அந்த டப்பா. மேடை ஓரத்தில் வைத்தாள். மேடத்தைக்கூடப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"வடிவு, தோல் உரிச்சிட்டுட்டி. வந்து பாரேன்."

சபையில்! அத்தனை பேர் முன்னால்! முதலிலேயே என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்களே சொல்லுங்கள், சொல்லக் கூடாதா?

போன் பண்ணினாள்தான். முந்தின நாள் ராத்திரி பண்ணினாள், விடியற்காலையிலும் பண்ணினாள். நான் எடுக்கவில்லை. ஸ்லைடு வேலையில் இருக்கிறேன். "பேசணும், அவசரம்" என்று செய்தியும் போட்டாள். பேசுவதற்கு முன்னால் மனசைக் கலைக்க வேண்டாம் என்று பார்க்கவில்லை. ஹாஸ்டல் அறைக் கதவைத் தட்டினாள் என்று பக்கத்து அறைப் பெண் சொல்கிறாள். குளித்துக்கொண்டிருந்திருப்பேன். அதற்காகச் சபையில் கொண்டுவந்து வைப்பதா?

மேடம் குனிந்து பார்த்தார். உரித்த தோல் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. சிலந்தி ஒரு பக்கம், புதுசாக, பளபளவென்று. மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். தோலில் இருந்தது என் பூட்டு, அதே இரண்டு கோடு. சிலந்தியில் இருந்தது நெளிவு நெளிவாக, அந்த ராஜஸ்தான் பூட்டு. முழுசாக வளர்ந்தது மறுபடி தோல் உரிக்காது அக்கா. உரித்தால், உரித்த அன்றுவரை அது சிறுசு என்று அர்த்தம்.

 ஜூனியர் பையன் ஒருவன் பின்னாலிருந்து கேட்டான்: "அப்போ இதுக்குச் சடங்கு எப்போக்கா?" ஹால் மொத்தமும் சிரித்தது. மாசிலாமணி சார்கூடச் சிரித்தார். இப்போது லேபில் என்னைப் பார்த்தாலே குலவை போடுகிறார்கள்.

எனக்கு என்ன தோன்றியதோ, "இது அந்தச் சிலந்தி இல்ல, மாத்திக் கொண்டாந்திருக்கா" என்றேன்.

ஜெபக்கனிக்கு முதலில் புரியவில்லை. "யாரு?" என்றாள்.

"நீதான். வேற சிலந்தியப் புடிச்சுப் போட்டுக் கொண்டாந்திருக்க."

"நானா மாத்தினேன்?"

"அப்பறம் யாரு?"

அவள் டப்பாவை மெதுவாக என் பக்கம் திருப்பினாள். சிலந்தியின் இடது பக்கத்தில் ஒரு கால் மட்டும் குட்டையாக, வெளுத்து, அப்போதுதான் முளைத்த மாதிரி இருந்தது. போன கால் அடுத்த தோல் உரிப்பில் மறுபடி முளைக்கும், சின்னதாக. அப்படி முளைத்தது. அதனால் என்ன? கால் போன சிலந்தி தேரியில் அது ஒன்றுதானா? ஆயிரம் இருக்கும். அதெல்லாம் ஆதாரம் ஆகாது. நான் அதை அங்கேயே சொன்னேன். அறிவியலில் சந்தேகம் கேட்பது உரிமை அக்கா, யாரும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

அவள் வைத்துக்கொண்டாள். ஹாஸ்டலுக்குப் போய்த் துணியை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டாள். போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாள். எவ்வளவு திமிர் பாருங்கள், ஒரு மனுஷி அவசரமாகப் போன் பண்ணினால் எடுக்க வேண்டாமா? டெய்சி அத்தைதான் எடுக்கிறாள். "சரியா சாப்பிட மாட்டேங்காம்மா. யாருட்டயும் பேசவும் மாட்டேங்கா. உங்களுக்குள்ள என்னம்மா சண்ட? நீ வா, வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அவள்ட்ட பேசு" என்றாள். சாப்பிடாமல் என்ன, குற்ற உணர்ச்சிதான். செய்தது குத்துமா இல்லையா?

அவள் சொன்னது சரியா தப்பா என்றா கேட்கிறீர்கள்? அது வேறு கேள்வி அக்கா. நான் பேசுவது துரோகத்தைப் பற்றி. சரியாக இருப்பதற்கு ஒரு முறை உண்டு. சிநேகிதி ஒருத்தி கீழே விழப்போகிறாள் என்றால் கையைக் கொடுப்பார்களா, ஊரைக் கூட்டுவார்களா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேப்பர் இன்னும் அச்சாகவில்லை. யாரோ அந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த உயிர்ச் சிலந்தி என் சிலந்தியோடு பிடித்ததுதான் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று அவளிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் இன்னும் பதில் போடவில்லை. ஏன் போடவில்லை? யோசித்துப் பாருங்கள். என்னைக் கவிழ்க்க வேண்டும் என்றால் அன்றைக்கே போட்டிருப்பாள். அவள் என்னத்துக்கோ காத்திருக்கிறாள்.

நான் கேட்கப் போவது பெரிசாக ஒன்றும் இல்லை. "டப்பாக்கள் பல இருந்தன, மாறியிருக்கலாம், என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது." இவ்வளவுதான். போனில் டைப் பண்ணியே வைத்திருக்கிறேன். அவள் பேரில் அனுப்பிவிட்டால் போதும். என் இனம் பிழைத்துக்கொள்ளும். என் இனம் என்ன, அவள் இனம்! அவள் பேர்தானே வாழப்போகிறது? நான் எனக்காகவா இவ்வளவு தூரம் அலைகிறேன்?

ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. அவளைச் சென்னையில் ஒரு அருங்காட்சியகத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாட்டில் பாட்டிலாகச் சிலந்திகளைக் காக்கிற வேலை. எந்த பாட்டிலில் எது எங்கே பிடித்தது என்று மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே. டப்பா மாறியிருக்கலாம் என்று அவளே எழுதிக் கொடுத்தால் அந்த வேலை கிடைக்காது என்று மாசிலாமணி சார் சொன்னார். கிடைக்காமல் போகலாம். வேலை இன்னொன்று வரும் அக்கா. புது இனம் இன்னொன்று வருமா? அவள் அப்பா முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகிறார்தான், வீட்டுக்கு அவள் மூத்தவள்தான். எல்லோருக்கும்தான் கஷ்டம் இருக்கிறது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பொய் சொல்லச் சொல்கிறேன் என்றா? சந்தேகம் என்று சொல்வது பொய்யா? உலகத்தில் யாரால் எதை உறுதியாகச் சொல்ல முடியும்? இதையேதான் அவளிடமும் சொல்லப் போகிறேன். அவள் எதிர்த்துப் பேச மாட்டாள். பேசத் தெரியாது அவளுக்கு. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பாள். அப்புறம் உள்ளே போய் அத்தையிடம் எனக்குத் தோசை ஊற்றச் சொல்வாள்.

பேய்க்குளம் தாண்டியாச்சா? அப்படியானால் நான் எழுந்துகொள்கிறேன், முன் வாசலுக்குப் போக வேண்டும். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் அக்கா.

அனுப்புவாளா என்றா? கண்டிப்பாக அனுப்புவாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவளுக்கு என் மேல் அவ்வளவு பிரியம். பிரியம் இல்லாதவளிடம் போய் இதையெல்லாம் கேட்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.